மோட்டார் வண்டியும் நாட்டு வழக்கும்

கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் பழைய மாணவர் பலர், வீதியில் ஓடும் கார்களைப் பார்த்து ஒரே கேள்வியை எழுப்புவதுண்டு. "பிறீமியோ, அக்சியோ, அக்குவா என்னும் இவையெல்லாம் டொயோட்டாக் கம்பனி செய்தவைதாமா? நாங்கள் வாழும் நாட்டில் இப்பெயர்களைக் கேள்விப்பட்டதேயில்லையே" என்பர். கேள்வி நியாயமானதே. ஒரு கம்பனி செய்யும் பொருள் எந்நாட்டிலும் ஒன்றாகவே இருக்கும் என எண்ணுவது மனித இயல்பு. ஆயின் மோட்டார்க் கார் அவ்வியல்புக்கு அடங்குவதன்று. அது விற்கப்படும் நாட்டின் சட்டம், வரி, தெரு, எண்ணெய், மக்களின் பணப்பை என்னும் இவற்றுக்கேற்பப் பெயரையும் உருவையும், சிலவேளை உயிர்காக்கும் உறுப்புகளையுங்கூட, மாற்றிக்கொள்வது. அவ்வாறு மாறுவதன் காரணங்களை இங்கு ஆராய்வோம். உலகின் பெருங் கம்பனிகளுள் ஒன்றான டொயோட்டாவைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு, வேண்டுமிடத்துப் பிறவற்றையும் தொடுவோம்.

பெயர் மாற்றமே யாவரினதும் கண்ணுக்கு முதலிற் படுவது. 1999இல் வெளிவந்த ஒரு சிறு கார் யப்பானில் விட்ஸ் எனவும், ஐரோப்பாவில் யாரிஸ் எனவும், அவுஸ்திரேலியாவில் எக்கோ எனவும் வழங்கிற்று. 2020இலேதான் யப்பானியரும் விட்ஸ் என்னும் பெயரைக் கைவிட்டு யாரிஸ் என்பதை ஏற்றனர். நம் வீதிகளிற் காணும் அக்குவா 2011ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் அறிமுகமானது. அதே வண்டி அமெரிக்காவில் 2012 முதல் 2019 வரை பிறியஸ் சி என்னும் பெயரில் விற்கப்பட்டது. இவை பெயரளவில் உள்ள வேறுபாடுகளே. அறிந்துகொண்டால் மயக்கம் நீங்கிவிடும். பெயர் ஒன்றாயிருக்க வண்டி வேறாயிருப்பதே பெருமயக்கம் தருவது. அமெரிக்காவில் யாரிஸ் என்னும் பெயருடன் சில ஆண்டுகள் விற்பனையான நான்கு கதவுச் சிறு கார் டொயோட்டா செய்ததேயன்று. மஸ்டாக் கம்பனி மெக்சிக்கோவிலுள்ள தன் தொழிற்சாலையிற் செய்து கொடுத்தது. இந்தியாவில் 2019 முதல் டொயோட்டா விற்கும் கிளான்சா என்னும் கார், சுசுக்கியின் பலேனோவே. பெயர்ப்பலகையை மாத்திரம் நம்புவோர் ஏமாறுவதற்கு இவையே போதிய சான்று.

1966இல் பிறந்த கொரொல்லாவின் வரலாறு இதனினும் சுவையானது. யப்பானில் நான்கு அளவுகளுக்குள் அடங்கும் கார்களைச் சிறு கார்கள் எனச் சட்டம் வகுத்துள்ளது: நீளம் 4.7 மீற்றர், அகலம் 1.7 மீற்றர், உயரம் 2 மீற்றர், பெற்றோல் எஞ்சின் 2000 கன சென்ரிமீற்றர். இவற்றுள் ஒன்றை மீறினாலும் வேறு வகுப்பும் வேறு இலக்கத்தகடும் வந்துவிடும். 1989 வரை அம்மீறல் பெரிய வரிச்சுமையையும் கூட்டிற்று. அவ்வாண்டில் வரிமுறை திருந்திய பின்னரும் ஒடுங்கிய தெருக்களும் நெருக்கமான தரிப்பிடங்களும் திருந்திவிடவில்லை. ஆதலால் ஒடுங்கிய காரையே விரும்புவோர் அங்குப் பலராயினர். அமெரிக்கரோ அகன்ற வண்டியை நாடினர். இரு சாராரையும் ஒரு வண்டியால் மகிழ்விக்க இயலாதெனக் கண்ட கம்பனி, இரு வண்டிகளைச் செய்தது. 2012இல் யப்பானில் வெளிவந்த கொரொல்லா அக்சியோவின் அகலம் 1.695 மீற்றர், எல்லைக்கோட்டிலிருந்து அரைச் சென்ரிமீற்றரே குறைவு. அடுத்த ஆண்டு பிறநாடுகளில் வெளிவந்த கொரொல்லா ஏறத்தாழ 1.775 மீற்றர் அகலமுடையது. அகலம் மாத்திரமன்று, அடித்தளமே வேறு. அக்சியோ, விட்ஸ் காரின் அடித்தளத்தின்மேல் எழுந்தது. மற்றதோ பெரிய அடித்தளத்தின்மேல் எழுந்தது. பெயரால் உடன்பிறந்தோராயினும் இவற்றைத் தூரத்து உறவினர் என்றே சொல்லல் வேண்டும். 2019இல் யப்பானியக் கொரொல்லாவும் எல்லையைத் தாண்டி 1.745 மீற்றர் ஆயிற்று. ஆயினும் அப்போதுங்கூடப் பிறநாட்டுக் கொரொல்லாவிலும் ஒடுங்கியதாகவே அது செய்யப்பட்டது.

அந்நாட்டில் இதனினும் சிறிய வகுப்பொன்றுண்டு. நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும், எஞ்சின் 660 கன சென்ரிமீற்றருக்கும் மேற்படாத அக்கார்களுக்கு வரிச் சலுகைகள் பல. சுசுக்கியின் வாகன் ஆர் அவ்வகுப்பில் 1993இல் தோன்றியது. அதே பெயரில் இந்தியாவில் விற்கப்படும் வண்டி, அவ்வரம்புக்கு வெளியே, அகன்ற உடலும் பெரிய எஞ்சினும் கொண்டு செய்யப்படுகிறது. இந்தியாவின் வரம்பு வேறு: அங்கு 2006 முதல் 4 மீற்றருக்குட்பட்ட நீளமும் குறித்த அளவு எஞ்சினும் உடைய கார்களுக்குத் தீர்வை குறைக்கப்பட்டது. அதன் பயனாகப் பின்புறத்தை வெட்டிக் குறுக்கிய கார்கள் பல அந்நாட்டிலே தோன்றின. அவற்றுட் சில அழகற்றவை என்பது நம் அபிப்பிராயம். வரிக் கணக்கன் கையில் அளவுகோலைக் கொடுத்தால் வண்டி அவ்வாறுதான் அமையும்.

வரியின் விளையாட்டுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டொன்று கோழி இறைச்சியிற் பிறந்தது என்றால் இளைய மாணவர் நகைப்பர். ஆயினும் அது மெய்யே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிகள் மலிவாக வந்து குவிவதைத் தடுக்க மேற்கு ஜேர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகள் அவற்றுக்குத் தீர்வையை உயர்த்தின. பதிலுக்கு அமெரிக்க சனாதிபதி ஜோன்சன் 1963 டிசெம்பரில் உருளைக்கிழங்கு மாப்பொருள், டெக்ஸ்ரின், பிராந்தி, சிறு லொறி ஆகிய நான்குக்கும் நூற்றுக்கு 25 வீதத் தீர்வை விதித்தார். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனி அனுப்பிய சிறு லொறிகளே அதன் இலக்கு. பிற பொருள்களின் தீர்வை காலப்போக்கில் தளர்ந்தது. சிறு லொறியின் தீர்வையோ அரை நூற்றாண்டு கடந்தும் நீங்கவில்லை. ஜேர்மனியர்மேல் எறிந்த கல் யப்பானியர்மேலும் விழுந்தது. உலகின் பெரும்பகுதியில் உழவரும் வணிகரும் போற்றும் டொயோட்டா ஹைலக்ஸ் அமெரிக்காவில் விற்கப்படாமைக்கு இத்தீர்வை ஒரு பெருங் காரணம். அங்கு அதன் இடத்தை 1995 முதல் டக்கோமா என்னும் தனிவண்டி வகிக்கின்றது. அமெரிக்கரின் இருப்பிட வசதிக்கும் ஓட்டச் சுகத்துக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட அது, வட அமெரிக்கக் கண்டத்திலேயே செய்யப்படுவதாயிற்று.

ஹைலக்ஸின் கதையில் இன்னொரு விந்தையும் உண்டு. 2004இல் டொயோட்டா தன் சிறு லொறித் தொழிலின் நடுநிலையத்தைத் தாய்லாந்துக்கு மாற்றிற்று. ஹைலக்ஸ், போர்ச்சுனர், இன்னோவா ஆகிய மூன்றும் ஒரே அடித்தளத்தின்மேல், வளரும் நாடுகளை முன்னிறுத்தி வகுக்கப்பட்டன. யப்பானில் அவற்றுக்குப் போதிய கேள்வியில்லை எனக் கண்டு, ஹைலக்ஸை அந்நாட்டிலே விற்பதையே கம்பனி நிறுத்திவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2017இல், அது தாய்லாந்திலிருந்து கப்பலேறி யப்பானுக்கு மீண்டும் வந்தது. பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாய் வந்த வண்டி என்று இதனைச் சொல்லலாம்.

இன்னோவாவின் முன்னோன் இந்தோனேசியாவின் கிஜாங். மான் எனப் பொருள்படும் பெயர் அது. 1977இல் வெளிவந்த அவ்வண்டியின் உடலைச் செய்வதற்குப் பாரிய அச்சு இயந்திரங்கள் தேவைப்படவில்லை. தட்டையான உருக்குத் தகடுகளை மடித்தும் ஒட்டியும் உள்ளூர்ப் பட்டறைகளே உடலை அமைத்தன. முதல் வண்டிகளின் கதவுகளுக்குக் கண்ணாடியும் இல்லை. மூக்குப்புறம் திறக்கும் விதம் முதலையின் வாயை ஒத்திருந்ததால் மக்கள் அதனை முதலைக் கிஜாங் என அழைத்தனர். பொறியியற் பெருமை பேசுவோர் இத்தகைய வண்டியைக் கண்டு முகஞ்சுழிக்கக்கூடும். நாமோ, ஒரு நாட்டின் கைத்திறனையும் வருவாயையும் உள்ளவாறு அளந்து செய்யப்பட்ட வண்டி அதுவெனவே கருதுகின்றோம். பெருங் குடும்பமொன்றும் அதன் மூட்டை முடிச்சுகளும் ஏறத்தக்க ஊர்தி அந்நாட்டுக்கு வேண்டியிருந்தது; அது கிடைத்தது. அதன் வழிவந்த வண்டியொன்று 2000இல் குவாலிஸ் என்னும் பெயருடன் இந்தியாவிற் புகுந்தது. 2005இல் இன்னோவா அதன் இடத்தைப் பிடித்தது.

1984இல் வெளிவந்த எழுபதாம் வரிசை லாண்ட் குறூசரையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். நாற்பது ஆண்டுகள் சென்றும் அவுஸ்திரேலியாவின் சுரங்க நிலங்களிலும் ஆபிரிக்காவின் மணல்வெளிகளிலும் அது புதிதாகவே விற்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவிலோ விற்பனைக்கு வந்ததேயில்லை. வண்டி பழுதுபட்டால் மரநிழலில் வைத்துத் திருத்தக்கூடியதாய் இருத்தலே அந்நிலங்களில் முதற்குணம். பிறேசிலில் வேறொரு தேவை. கரும்பிலிருந்து வடித்த மதுசாரத்தையும் பெற்றோலையும் எவ்விகிதத்திற் கலந்தாலும் ஏற்கும் எஞ்சின்கள் அங்கு வழக்கிலுள்ளமையால், 2019இல் மின்மோட்டாரும் மதுசார எஞ்சினும் சேர்ந்த கொரொல்லாவை அந்நாட்டுக்கெனக் கம்பனி செய்தளித்தது.

இதுவரை கூறியவை ஏற்கத்தக்க வேறுபாடுகள். இனிக் கூறப்போவது அத்தகையதன்று. நிசான் கம்பனி மெக்சிக்கோவில் சுறு என்னும் காரைப் பல ஆண்டுகள் விற்றது. 1990களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட அக்கார், மலிவு காரணமாக வாடகை வண்டிக்காரர் விரும்பி வாங்கியது. 2013இல் இலத்தீன் அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையில் அது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2016இல் அமெரிக்காவிலே, சுறு ஒன்றையும் அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்த நிசான் வேர்சா ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டனர். இரண்டும் அவ்வக் கம்பனிப் பட்டியலில் மிக மலிவானவை. இரண்டும் மெக்சிக்கோவிலேயே செய்யப்பட்டவை. வேர்சாவின் காற்றுப்பைகள் விரிந்தன, இருக்கைப் பகுதி குலையாது நின்றது. காற்றுப்பையில்லாத சுறுவின் முன்பகுதி நொறுங்கி உள்ளே புகுந்தது. அதனை ஓட்டியவன் பொம்மையாயிராது மனிதனாயிருப்பின் உயிர் தப்பியிரான் எனச் சோதனையாளர் கணித்தனர். 2017 மே மாதத்துடன் சுறுவின் உற்பத்தி நின்றது.

இந்தியாவிலும் 2014இல் இத்தகைய சோதனை நடந்தது. மாருதி ஒல்ரோ, ராற்றா நானோ, ஹூண்டாய் ஐ-பத்து, போர்ட் பிகோ, வொக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தின் தொடக்க வகைகள் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிடப்பட்டன. பெரியோர் பாதுகாப்பில் ஐந்தும் சுழியம். ஐரோப்பாவில் 2009இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற போலோ, காற்றுப்பை நீங்கியதும் இந்நிலை அடைந்தது. அக்கம்பனி உடனே அவ்வகையை விற்பனையிலிருந்து விலக்கிற்று. இரு காற்றுப்பைகள் கொண்ட போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. விலை குறைந்தாலன்றி ஏழை வாங்கான் என்பது கம்பனிகளின் வாதம். மோட்டார்ச் சைக்கிளில் மனைவி மக்களை ஏற்றிச் செல்பவனுக்கு எந்தக் காரும் மேல் என்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வாங்குபவனுக்குத் தான் எதனை இழக்கின்றான் என்பது சொல்லப்படவில்லையே என்பதுதான் நமது குறை. சோதனைகளின் பின்னரே சட்டமும் அசைந்தது: 2019 யூலை முதல் இந்தியாவில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று, 2023இல் அந்நாட்டுக்கெனச் சோதனைமுறையும் அமைந்தது.

நம் நாட்டின் நிலை தனியானது. நாமும் யப்பானியரைப் போல வீதியின் இடப்புறமாக ஓட்டுவோராதலால், அவர்கள் தமக்கெனச் செய்து சிலகாலம் ஓட்டிய கார்களே இங்குப் பெருந்தொகையாக இறங்கின. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் வண்டிகளுக்கு 2025இல் மீண்டும் இடமளிக்கப்பட்ட இறக்குமதியிலும் இவ்வகைக்குக் கேள்வி குன்றவில்லை. பிறநாட்டினர் அறியாத பெயர்கள் நம் வீதியில் மலிந்தமைக்கு இதுவே காரணம். இதனால் வரும் சிறு தொல்லைகளும் உள. அக்கார்களின் கைநூல் யப்பானிய மொழியில் இருக்கும். அவற்றின் பழைய வானொலிகள் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையே பிடிக்கும். நமது நிலையங்களிற் பெரும்பாலானவை அதற்கு மேலே ஒலிபரப்புவதால், வாங்கியவர் வானொலி பழுதென்று கடைக்காரருடன் வாதிடுவர்.

பெருந்தொல்லை உதிரிப்பாகத்தில் வருவது. அக்சியோவின் விளக்கோ பம்பரோ உடைந்தால், கனடாவிலுள்ள மைத்துனருக்கு "கொரொல்லாவுக்கு ஒன்று அனுப்புக" என்று எழுதிப் பயனில்லை. அங்கிருந்து வருவது அகன்ற கொரொல்லாவின் உறுப்பு, இங்குப் பொருந்தாது. யப்பானியச் சந்தைக் காரின் எஞ்சின் அறையில் அல்லது கதவருகில் உள்ள சிறு தகட்டில் அதன் மாதிரிக் குறியும் சட்டக இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். 1500 கன சென்ரிமீற்றர் அக்சியோ சிலவற்றுக்கு அக்குறி என்.இசட்.ஈ. 161 எனவும், பிறீமியோ சிலவற்றுக்கு என்.இசட்.ரி. 260 எனவும் தொடங்கும். கடைக்குப் போகுமுன் அதனை எழுதி எடுத்துக்கொள்க. கடைக்காரர் பெயரைக் கேளார், அக்குறியைத்தான் கேட்பார்.