இருதயம் கடிகாரமன்று

சென்ற ஆண்டு பரீட்சை மண்டபத்தின் வாயிலில் மாணவன் ஒருவன் முகம் வெளிறி நின்றான். அவன் கையைப் பற்றினேன்; உள்ளங்கை குளிர்ந்து வியர்த்திருந்தது; நாடி விரைந்து துடித்தது. "சேர், படித்ததெல்லாம் மறந்துவிட்டது" என்றான். "தம்பி, இப்பொழுது எதையும் நினைக்க வேண்டாம். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளியே விடு" என்றேன். ஐந்து நிமிடத்தின் பின் தெளிந்த முகத்துடன் உள்ளே சென்றான். அந்த மூச்சு அவன் நெஞ்சினுள் யாது செய்தது?

நலமுள்ள இருதயம் கடிகாரம்போல் ஒரே சீராகத் துடிக்கும் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இருதயத்தில், இரு துடிப்புகளுக்கிடையே ஒரு செக்கன் கழியும் என்பது சராசரிக் கணக்கு மாத்திரமே. ஓரிடைவெளி 0.9 செக்கனாகவும் பிறிதொன்று 1.1 செக்கனாகவும் இருத்தல் கூடும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், வெளிவிடும்போது தணியும். ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1847ஆம் ஆண்டிலேயே இதனைக் கருவிகொண்டு பதிவு செய்தார். இதுவே இன்று இருதயத் துடிப்பு மாறுபாடு எனப் பேசப்படுவதன் தொடக்கமாகும்.

இருதயத்தை இருவகை நரம்புகள் ஆள்கின்றன. ஒருவகை சாட்டை போன்று அதனை விரைவுபடுத்தும். மற்றையது 'வேகஸ்' என்னும் நரம்பு. அது கடிவாளம் போன்று இழுத்துப் பிடிக்கும். நரம்புகளின் ஆட்சியின்றி விடப்பட்டால் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 அளவில் நிற்பதற்கு வேகஸே காரணம். உளநெருக்கீடு மிகும்போது இக்கடிவாளம் தளர்கின்றது. துடிப்பு விரைவதோடு, இடைவெளிகளின் வேறுபாடும் குறைந்துவிடுகின்றது. ஆகவே, அந்த ஒரே சீரான தன்மை அமைதியின் அடையாளமன்று, நெருக்கடியின் அடையாளமாகும்.

இது சிறு விடயமன்று. மாரடைப்புக்குத் தப்பிய 808 பேரை ஆராய்ந்து, கிளைகர் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். இம்மாறுபாடு மிகக் குறைந்திருந்தோர் பின்னர் இறக்கும் அபாயம், அது மிகுந்திருந்தோரைவிட ஐந்து மடங்குக்கு மேலாயிருந்தது.

கடிவாளத்தை மீண்டும் இறுக்குவது எங்ஙனம்? இத்தாலிய வைத்தியர் லூசியானோ பெர்னார்டியும் பிறரும் நலமுள்ள 23 பேரைக்கொண்டு நடத்திய சோதனை 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. லத்தீன் மொழியிற் செபமாலை சொல்லியபோதும், மந்திரம் செபித்தபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. நமது இரத்த அழுத்தத்திலும் ஏறக்குறையப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை எழுந்து விழும் இயல்பான அலையொன்றுண்டு. மூச்சு அவ்வலையோடு இசையும்போது துடிப்பின் ஏற்றவிறக்கம் பெருகுகின்றது. சமயங்கள் வேறாயினும் நெஞ்சு அளித்த விடை ஒன்றே.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். நிமிர்ந்து அமர்ந்து, மணிக்கட்டின் நாடியில் விரல் வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளிவிடுங்கள். நாடி விரைவதையும் தணிவதையும் பலர் தம் விரலாலேயே உணரலாம். தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட முறை வேறொன்று: தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல். அதுவும் மனத்தைச் சாந்தப்படுத்தும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. மூச்சோடு இயையாது துடிப்பு தாறுமாறாதலும், மயக்கமும், நெஞ்சுவலியும் வேறு. அவற்றுக்கு வைத்தியரையே நாட வேண்டும். மூச்சுப் பயிற்சியை நம்பி மருந்தைக் கைவிடுதல் பேதைமை.

அம்மாணவன் சித்தியெய்தினானா என வினவுவீர்கள். எய்தினான், ஆனால், அது அவன் ஆண்டு முழுதும் படித்ததன் பயன். மூச்சு பாடம் கற்பிக்காது. கற்றதை மறைத்து நின்ற பதற்றத்தையே விலக்கும். பெற்றோர்களே, பரீட்சைக் காலையில் பிள்ளைக்கு மேலும் ஒரு புத்திமதி கூறுவதை விடுத்து, அவனோடு ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து மூச்சுவிடுங்கள். அதனால் உங்கள் நெஞ்சும் நலம்பெறும்.