மைசூருக்கு நாம் பட்ட கடன்

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் நம் மனம் ஹனூர்ச் சாலைக்கே போய்விடுகிறது. மாதேஸ்வரன் மலைத் திருவிழாவுக்குக் கால்நடையாகச் செல்லும் பக்தர்கள் அவ்வழியே நடந்து வருவார்கள். சாலையோர வீட்டார் மோரும் தண்ணீரும் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார்கள். வருகிறவன் எந்த ஊர், எந்த பாஷை பேசுகிறவன் என்று யாரும் விசாரிப்பதில்லை. களைத்து வருகிறான் என்பதொன்றே போதும். இந்தப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரையில் ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால வட்டம், சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே அப்பகுதியில் வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. அவற்றுள் சில பிழைப்பை நாடி மைசூர் நகரத்துக்கு வந்தன. வந்து வருஷங்கள் பல ஆயினும், பண்டிகைக் காலத்தில் நாம் தர்மத்துக்கென்று எடுத்து வைக்கும் பணம் பெரும்பாலும் ஊருக்கே போகிறது. கோயில் திருப்பணி, திருவிழா, அன்னதானம் எல்லாம் நல்ல காரியங்களே, குறை சொல்வதற்கில்லை. ஆனால், நாம் குடியிருக்கும் நகரத்தின் முதியோர் இல்லத்தையும் குழந்தைகள் விடுதியையும் ‘இந்த ஊர்க்காரர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடுகிறோமே, அது முறையா என்பதே நம் கேள்வி.

நகரம் நம்மை அப்படி விட்டுவிடவில்லை. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாளை நம்மவர் எவரும் மறக்க இயலாது. ஹனூரை அடுத்த சூளவாடியில், மாரம்மன் கோயில் பூஜையன்று பூச்சிமருந்து கலந்த பிரசாதத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். பதினேழு உயிர்கள் போயின. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளில் முதலுதவி பெற்றவர்கள், நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மைசூருக்கு ஆம்புலன்ஸ்களில் கொண்டுவரப்பட்டார்கள். கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரியும் நகரத்தின் தனியார் ஆஸ்பத்திரிகளும் அவர்களை ஏற்றுக்கொண்டன. அவ்விஷம் மூச்சை அடக்குவது; செயற்கைச் சுவாசக் கருவியும் கண் விழித்துக் காக்கும் மனிதரும் இல்லாவிடில் இன்னும் எத்தனை வீடுகள் இருண்டிருக்குமோ! இக்கடனை நாம் எவ்வாறு தீர்க்கப் போகிறோம்?

இந்நகரில் தர்மம் புதியதன்று. ஸ்ரீ மரிமல்லப்பர் விட்டுச் சென்ற செல்வத்தில் எழுந்த பள்ளி இன்றும் நடக்கிறது. அப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவரும், மைசூர் மக்கள் ‘தாதய்யா’ என்று அன்போடு அழைத்தவருமான ஸ்ரீ வெங்கடகிருஷ்ணய்யா, திக்கற்ற பிள்ளைகளுக்காக அனாதாலயம் கண்டார். செல்வமுள்ளவர் செல்வத்தையும், இல்லாதவர் உழைப்பையும் கொடுத்தே இத்தகைய பணிகள் நிலைத்தன.

இனி, எப்படிக் கொடுப்பது? இதில் நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. சென்ற தீபாவளியன்று நண்பர்கள் சிலரோடு கூடி, ஐந்து கிலோ லட்டு வாங்கிக்கொண்டு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. அங்கே மேஜைமேல் ஏற்கனவே ஏழெட்டு இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பொறுப்பாளரான அம்மையார் புன்னகையோடு வாங்கிக்கொண்டு, ‘ஐயா, இன்று பிள்ளைகளுக்கு வயிறு கொள்ளவில்லை. அடுத்த மாதம் சோப்பும் போர்வையும் வாங்கப் பணம் போதாது’ என்றார்கள். நாம் தலை குனிந்தோம். ரயில்வே டிக்கெட் கௌண்டரில் பண்டிகைக் கூட்டத்தைத் தினமும் பார்க்கிற நமக்கு, ஒரே நாளில் எல்லோரும் ஏறினால் வண்டி தாங்காது என்பது தெரியாதா என்ன?

ஆகவே, வாசக அன்பர்களுக்குச் சில யோசனைகள். போகுமுன் என்ன தேவை, எந்த நாளில் தேவை என்று கேளுங்கள். பண்டிகையன்று ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிட மாதம் நூறு ரூபாயாகப் பத்து மாதம் கொடுப்பது அவர்களுக்கு அதிக உபயோகம். அரிசிக்கடைக் கணக்கு மாதந்தோறும் வருவதல்லவா? குழந்தைகள் இல்லமாயின், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்த்து, பணத்துக்கு ரசீது பெறுங்கள். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம். அத்தகைய குழந்தைகளின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதை அச்சட்டமே தடுக்கிறது. சட்டம் தடுக்காவிடினும், கொடுத்த லட்டுக்கு ஈடாக ஒரு பிள்ளையின் முகத்தை வாங்கி வருவது தர்மமாகுமா?

பணமில்லாதவரும் கொடுக்கக்கூடியது இரத்தம். விடுமுறையில் கல்லூரிகள் மூடியிருப்பதால் முகாம்கள் குறைகின்றன. விபத்தும் பிரசவமும் விடுமுறை பார்ப்பதில்லை. இரத்தத்தட்டுகள் ஐந்து நாளுக்குமேல் தங்கா. ஆகையால் முன்பே சேர்த்து வைக்கவும் வழியில்லை. பதினெட்டு வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் உடல்நலமும் உள்ளவர் ஒரு முறைக்கு 350 மில்லிலிட்டர் கொடுக்கலாம். ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்டிர் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இவ்வருஷம் நகரத்து இல்லம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். ஊரை மறக்கவேண்டாம், இருக்கும் ஊரையும் மறக்கவேண்டாம். ஹனூர்ச் சாலையில் நம் பெரியவர்கள் நீட்டிய மோர்ச் சொம்பை மைசூர் வீதியில் நாம் நீட்டுவோமாக. அதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, இந்நகரம் அந்நியமாகத் தோன்றாது.