ஆயத்த வீடும் நமது தேவையும்



தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு நமக்குச் சொந்தம். வேலை ஓய்ந்ததும் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த சேமநிதிப் பணமும், எங்கோ வாங்கிப் போட்ட ஒரு துண்டு நிலமும்தான் பலருக்கு மிஞ்சுகின்றன. அந்தப் பணம் வாழ்க்கையில் ஒருமுறைதான் கைக்கு வரும். ஆகையால், அதைக் கொண்டு எழுப்பும் வீட்டைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது மிகவும் அவசியம். இன்று ஆயத்த வீடுகளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆயத்த வீடு என்றால் என்ன? சுவர், தரை, கூரைச் சட்டம் ஆகியவற்றைத் தொழிற்சாலையில் அளவாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, நம் நிலத்தில் பொருத்தித் தருவதே ஆயத்த வீடு. சில வீடுகள் முழுப் பெட்டியாகவே வந்து இறங்கும். அவற்றைக் 'கேபின்' வீடு என்கிறார்கள்.

இந்த எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கம்பத்தில் உள்ள பழைய மலாய் மர வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். தச்சர் தூண்களையும் விட்டங்களையும் முதலில் அளவாகச் செதுக்கிக்கொள்வார். பிறகு துளையில் நாக்கைச் செருகி வீட்டைப் பூட்டுவார். முதலில் 'ரூமா இபு' என்னும் தாய்வீடு எழும்பும். குடும்பமும் வருமானமும் வளர வளர, சமையற்கட்டும் முன்கூடமும் ஒன்றன்பின் ஒன்றாக அதனோடு சேரும். வீடு குடும்பத்தோடு வளர இடம் வைத்துக் கட்டிய அறிவு அது.

பெரிய அளவில் ஆயத்தக் கட்டட முறையை அரசாங்கம் சோதித்துப் பார்த்தது 1964-ஆம் ஆண்டில். கோலாலம்பூர் பெக்கெலிலிங் சாலையில், டென்மார்க் நாட்டு முறைப்படி, வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு 17 மாடிக் கட்டடங்கள் ஏழு எழுந்தன. அவற்றில் ஏறத்தாழ 3,000 வீடுகள். அடுத்து, பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பகுதியில் பிரெஞ்சு முறைப்படி ஒன்பது கட்டடங்கள் வந்தன. பல்லாயிரம் ஏழைகளுக்குக் கூரை கிடைத்தது. ஆயினும், அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த முறைகள் பல, நமது தட்பவெப்பத்துக்கும் வாழ்க்கைப் பழக்கத்துக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. நாம் குளியலறையில் வாளி வாளியாக நீரை ஊற்றுகிறவர்கள். உலர்ந்த குளியலறைக்குப் பழகிய நாட்டவர் வரைந்த இணைப்புகளில் நீர்க் கசிவு ஒரு தொல்லையாயிற்று. நம் பழக்கத்தை முதலில் எண்ணி, பிறகு வீட்டை வரைய வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. 1968 மே 16-ஆம் தேதி, லண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்படவே, அந்த மூலை முழுவதும் மேலும் கீழுமாகச் சரிந்தது. நால்வர் மாண்டனர். அதுவும் அதே டென்மார்க் முறையில் கட்டியதுதான். இத்தகைய கட்டடங்களில் ஒரு பலகை இன்னொரு பலகையைத் தாங்கி நிற்கிறது. நம் வீடு ஒரே தளமுடையதுதான். என்றாலும், எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது என்று கேட்டறியாமல், பின்னாளில் கதவுக்கோ சன்னலுக்கோ சுவரை வெட்டக் கூடாது. வேண்டிய மாற்றங்களைத் தொழிற்சாலையில் செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள். காகிதத்தில் கோட்டை அழிப்பது சுலபம்; பலகையை மாற்றுவது கடினம்.

இனி, திட்டமிடும் முறைக்கு வருவோம்.

முதலாவது நிலம். கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் வரை கடலோரம் முழுவதும் மிருதுவான களிமண். உள்ளே போனால் பல இடங்களில் கரிச்சதுப்பு மண். இந்த மண் பாரம் ஏற ஏற அமிழும். என் அண்ணன் ஓய்வு பெற்றபின் வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு சமையற்கட்டை இணைத்தார். மூலவீடு பைலிங் போட்ட அடித்தளத்தில் நின்றது. புதிய சமையற்கட்டை, வேலை எடுத்தவர் வெறுந்தரையில் கான்கிரீட் ஊற்றி நிறுத்திவிட்டார். இரண்டு மழைக்காலம் கழிந்தது. சமையற்கட்டு வீட்டைவிட்டு விலகி, இடையில் கை நுழையும் அளவுக்குப் பிளவு கண்டது. மழைநீர் அதன் வழியாக அடுப்பங்கரைக்குள் இறங்கியது. அண்ணி அந்த இடத்தில் ஒரு வாளி வைத்துச் சமைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இலேசான ஆயத்த வீட்டுக்கு மிருதுவான மண்ணில் ஒரு நன்மை உண்டு. அதன் பாரம் குறைவு. ஆனாலும் அடித்தளம் வேண்டாம் என்பதில்லை. இலேசான வீட்டைப் பெருங்காற்று அசைக்காதபடி அடித்தளத்தோடு ஆணியிட்டுப் பிணைக்கவும் வேண்டும். பின்னால் நீட்டிக் கட்ட எண்ணமிருந்தால், அந்தப் பகுதிக்கும் இப்போதே அடித்தளம் போட்டுவையுங்கள்.

இரண்டாவது அளவு. 1984-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், மற்றவை 6.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. அடிக்கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 118, 100, 70 சதுர அடி. சமையலறைக்கு 4.5 சதுர மீட்டர். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் உயரம் இரண்டரை மீட்டர். சன்னல்களின் பரப்பு, அறைத் தரையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

எண்ணைக் கேட்டால் இடம் தெரியாது. ஆகையால் ஒருமுறை பள்ளித் திடலில், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு, கயிறும் சுண்ணாம்பும் வைத்து 20 அடிக்கு 30 அடி வீடு ஒன்றை முழு அளவில் வரையச் சொன்னேன். மாலையில் பெற்றோரும் வந்து அதில் நடந்து பார்த்தார்கள். ஒரு தாயார் 'சமையலறை'யில் நின்று கைகளை விரித்துத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்கே குளிர்பெட்டிக் கதவைத் திறந்தால் நான் வெளியேதான் நிற்கணும்" என்றார். அச்சிட்ட படத்தில் யாருக்கும் தெரியாத குறை அது. நீங்களும் ஆணையிடுமுன் இப்படி வரைந்து, குடும்பத்தோடு நடந்து பாருங்கள். பெண்களையும் முதியோரையும் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, நம் வாழ்க்கைக்கேற்ற மாற்றங்கள். பிள்ளைக்குத் தூளி கட்ட உத்தரம் வேண்டும். ஆயத்த வீட்டின் மெல்லிய சீலிங் அந்தப் பாரத்தைத் தாங்காது. எங்கே தூளி தொங்கும் என்று முன்பே சொல்லி, அங்கே உறுதியான சட்டம் வைக்கச் சொல்லுங்கள். சாமி படத் தட்டுக்கும் சுவருக்குள் மரக்கட்டை பொருத்தச் சொல்லுங்கள். பாட்டிக்குப் படியில்லாத குளியலறையும், சக்கர நாற்காலி நுழையும் மூன்றடி அகலக் கதவும் வேண்டும். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வீட்டை நிறுத்தி, கூரையை நன்றாக வெளியே நீட்டினால் வெயிலின் கொடுமை குறையும். சுவர்ப் பலகையின் உள்ளே இருப்பது என்ன என்றும் கேளுங்கள். சில வகைகளில் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை, தீப்பட்டால் எளிதில் எரியும். சமையலறைச் சுவராவது எரியாத பொருளாக இருக்கட்டும்.

நான்காவது சட்டம். கிராண்டில் நிலம் விவசாயத்துக்கா, கட்டடத்துக்கா என்று நில அலுவலகத்தில் பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, கட்டடம் எழுப்ப ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி தேவை. செகிஞ்சான் மக்கள் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றத்தையும், கோல சிலாங்கூர் மக்கள் தங்கள் நகராண்மைக் கழகத்தையும் நாட வேண்டும். "பெட்டி வீட்டுக்கு அனுமதி எதற்கு?" என்று விற்பவர் சொன்னால், அதை நம்பிவிடாமல் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

கடைசியாகப் பணம். 55 வயதுக்குட்பட்டோரின் சேமநிதி, 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீடு வாங்கவோ கட்டவோ எடுக்கும் பணம் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வருகிறது. விலைப்பேச்சில் அடித்தளம், ஏற்றுக்கூலி, மின்சார, நீர் இணைப்பு ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். மலாய் ஒப்பந்தம் புரியாவிட்டால், படித்த பிள்ளையிடமோ தோட்டப் பள்ளி ஆசிரியரிடமோ காட்டிய பின்பு கையெழுத்திடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

நேயர்களே, லயத்து வீட்டை யாரோ வரைந்தார்கள். நாம் அதற்குள் நம்மைச் சுருக்கிக்கொண்டோம். நமது சொந்த வீட்டையாவது நாமே வரைவோம். இன்று மாலையே ஒரு கயிறும் சிறிது சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு வாசலுக்கு வாருங்கள்.