அப்பாரு காலத்து எச்.எம்.டி வாட்ச் வாங்கப் போறீங்களா? ஏமாறாமல் இருக்க இதைக் கவனிங்க!

ஆன்லைனில் 'எச்.எம்.டி பைலட்' என்று தேடிப் பாருங்கள். கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், கண்ணாடி மாதிரி மின்னும் கேஸ், கூடவே 'ஒரிஜினல் விண்டேஜ்' என்ற குறிப்பு. விலையும் கைக்கு எட்டுகிற அளவில்தான் இருக்கும். அப்படித்தான் நானும் ஒன்று வாங்கினேன். என் கலெக்‌ஷனில் அது நான்காவது வாட்ச்.

ஒரே மாதத்தில் நின்றுபோனது. ஊருக்குப் போனபோது கொடுமுடியில் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். வாட்ச் ரிப்பேரில் பல வருட அனுபவம் உள்ளவர். லென்ஸைக் கண்ணில் மாட்டி, பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு, மிசினு ஒண்ணு, டயலு ஒண்ணு, முள்ளு ஒண்ணு. நாலு வாட்ச்ச ஒடச்சு ஒரு வாட்ச் பண்ணிப் போட்டாங்க."

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. பழைய வாட்ச் சேர்க்கும் ஆர்வம் இளைஞர்களிடம் கூடக்கூட, இப்படி ஒட்டுப்போட்ட வாட்ச்களும் கூடுகின்றன. அடுத்த விண்டேஜ் வாட்ச்சைத் தேர்வு செய்யும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

எச்.எம்.டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1953-ல் தொடங்கப்பட்டது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை ஆரம்பித்தது. முதல் வாட்ச்களை வெளியிட்டவர் அன்றைய பிரதமர் நேரு. அதன்பிறகு ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று மாடல்கள் வரிசையாக வந்தன. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கையில் கட்டியது, முதல் சம்பளத்தில் வாங்கியது என்று கொங்கு வீடுகளிலும் இவற்றுக்குக் கதைகள் உண்டு.

போட்டியும் பக்கத்திலிருந்தே வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை வந்தது. சாவி கொடுக்கத் தேவையில்லாத குவார்ட்ஸ் வாட்ச்கள் சந்தையைப் பிடித்தன. நஷ்டத்தில் தள்ளாடிய எச்.எம்.டி வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் பலரும் வீட்டு மேஜை டிராயரைத் திறந்து பார்த்தார்கள். விலையும் ஏற ஆரம்பித்தது.

ஒட்டுப்போட்ட வாட்ச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

டயல்: முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரிஜினல் டயலில் எழுத்துகள் மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். மறுபடி பெயின்ட் அடித்ததில் எழுத்து தடிக்கும், கோடுகள் நேராக நிற்காது. 40, 50 வருட வாட்ச்சில் டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தால் உஷார். விற்பவரிடம் டயலை மட்டும் க்ளோஸ்-அப்பில் படம் கேளுங்கள். அதே மாடலின் பழைய படங்களோடு ஒப்பிடுங்கள்.

மிஷின்: பின்மூடியைத் திறந்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். ஜனதா, சாவி கொடுத்து ஓடும் 17 கல் வாட்ச். மிஷினில் எச்.எம்.டி முத்திரை இருக்கிறதா, துரு இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நொடி முள்: ஜனதா வகை மிஷின் நொடிக்கு 5 முறை துடிக்கும். அதனால் முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். நொடிக்கு ஒருமுறை குதித்தால் உள்ளே இருப்பது குவார்ட்ஸ். படம் போதாது, வீடியோ கேளுங்கள்.

கேஸ்: அதிகமாக பாலிஷ் போட்டால் ஓரங்கள் மழுங்கிவிடும். முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளை தெரிவது வயதின் அடையாளம்தான். அதை மறைக்கப் புதுமுலாம் பூசியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கையில் வந்ததும் ஒரு டெஸ்ட்: மெதுவாக சாவி கொடுங்கள். இறுகியதும் நிறுத்திவிடுங்கள். போன் நேரத்துக்கு செட் செய்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடம் முன்பின் ஆனால் பழைய வாட்ச்சுக்கு அது பெரிய குறையில்லை. பல நிமிடம் வித்தியாசம் என்றால் சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது எது வாங்கலாம்?

முதல் விண்டேஜ் என்றால் ஜனதாதான் பாதுகாப்பு. எளிமையான மிஷின், ரிப்பேர் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். பைலட்டுக்கு ஆசைப்படுபவர்கள் அதிகம், அதனால் ஒட்டுவேலையும் அதிகம். நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். நாள், தேதியோடு வரும் காஞ்சன் மாதிரி ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால், பாகங்கள் கூடுதல், சர்வீஸ் செலவும் கூடுதல் என்பதை மனதில் வையுங்கள். கொஞ்சம் வித்தியாசமாகச் சேர்க்க நினைப்பவர்கள் ஓசூரில் பிறந்த ஆரம்பகால டைட்டன் குவார்ட்ஸைத் தேடலாம். பேட்டரி கசிந்து உள்ளே கறை பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

எதை வாங்கினாலும் தண்ணீர் ஆகாது. பழைய ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். மழையில் கட்டிக்கொண்டு பைக் ஓட்டினாலே போதும், உள்ளே துரு ஏறிவிடும்.

வாங்கும் முன் டிராயரைத் திறந்தீங்களா?

என் பைலட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பெரியவர் கேட்டார்: "ஊட்ல பழைய வாட்ச் ஏதும் இல்லீங்களா?" இருந்தது. எங்க அப்பாரு மஞ்சள் விற்ற காசில் வாங்கிய ஜனதா. கண்ணாடி முழுக்கக் கீறல், டயல் பழுப்பேறிப்போயிருந்தது, பல வருடமாக ஓடவில்லை. அதனாலேயே அதை நான் கலெக்‌ஷனில் சேர்க்கவே இல்லை.

அவர் மிஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, கண்ணாடியை மட்டும் மாற்றினார். டயலைப் புதுசு பண்ணட்டுமா என்று நான் கேட்டதற்கு, "அதத் தொட்டா அப்பறம் அது உங்க அப்பாரு வாட்ச் இல்லீங்" என்றார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். பழைய மாடல்களுக்குப் புது ஸ்பேர் கிடைப்பது கஷ்டம். ஒரு வாட்ச்சை ஓட வைக்க இன்னொரு வாட்ச்சைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் பளபளவென்று வரும் ஒவ்வொரு ஒட்டு வாட்ச்சுக்குள்ளும் யாரோ ஒருவருடைய வீட்டு வாட்ச்சின் பாகம் இருக்கலாம்.

அதனால் அடுத்த வாட்ச்சுக்கு பட்ஜெட் போடும் முன் வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஓடாத வாட்ச்சை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், டயலுக்கு பெயின்ட் அடிக்கவும் விடாதீர்கள். யார் வாங்கியது, எந்த வருடம், எதற்காக என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாட்ச்சோடு வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அப்பாருகிட்ட எந்த வருடம் வாங்கினார் என்று கேட்கவே இல்லை.