நோட்டீஸில் 'கவர்னன்ஸ்', சான்றிதழில் என்ன?

ஒடிசாவில் பாசனக் கழக ஊழியர்களுக்குள் எழுந்த ஒரு பதவி உயர்வுத் தகராறு, 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தபோது, அதன் அடி சேலத்திலும் விழுந்தது. தொலைநிலை வழியில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்த வழக்கில் இருந்தன. மூன்று வட இந்தியாவைச் சேர்ந்தவை. நான்காவது சேலத்தின் விநாயகா மிஷன்ஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் இரண்டு வாய்ப்புக்குள் தேறினால் பட்டம் பிழைக்கும். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதுவும் கிடையாது. பட்டம் ரத்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு. அந்த நிறுவனங்களின் நேரடி வகுப்புப் பட்டங்களை இந்தத் தீர்ப்பு தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் கள்ளத்தனமாகச் சான்றிதழ் அச்சடித்தவர்கள் அல்லர். வேலை பார்த்துக்கொண்டே படித்தார்கள், பணம் கட்டினார்கள், தேர்வு எழுதினார்கள். அவர்கள் சேர்ந்த நிறுவனமும் உண்மையானதுதான். அந்தப் படிப்பை அந்த வழியில் நடத்த முறையான அனுமதி பெறவில்லை. குறை அது ஒன்றுதான். போலிப் பல்கலைக்கழகத்தைவிட இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். போலியைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பட்டியலிலேயே பார்த்துவிடலாம். நிஜப் பல்கலைக்கழகத்தின் அனுமதியில்லாத படிப்பைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் இதைப் பேச ஒரு காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இது, 68.54 சதவீதம். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ மாமாவோ இல்லாத இடத்தில், ஏஜென்ட் சொல்வதே வேதவாக்கு. ஒரு பக்கம் சேலம், மறுபக்கம் ஓசூரும் பெங்களூருவும். ஐடி என்ற சொல்லுக்கு இந்தச் சாலையில் இருக்கும் மவுசு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சொல்லோடு 'மேனேஜ்மென்ட்' சேர்ந்தால் கட்டணம் கூடுகிறது. 'கவர்னன்ஸ்' சேர்ந்தால் இன்னும் கூடுகிறது.

துறை பொய்யில்லை. ஒரு வங்கியின் கணினி அமைப்பில் எதை வாங்குவது, யார் முடிவெடுப்பது, தரவு கசிந்தால் யார் பதில் சொல்வது, இவற்றை ஒழுங்குபடுத்துவதுதான் ஐடி கவர்னன்ஸ். இதற்கென ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் இயக்குநர் குழு அளவிலேயே ஐடிக்கான குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது அது. கணினித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். இவ்வளவு சட்டங்களுக்கும் பதில் சொல்ல ஆட்கள் தேவைதான்.

ஆனால் அந்த ஆட்கள் யார்? ஏற்கெனவே சில ஆண்டுகள் கணினித் துறையிலோ கணக்குத் தணிக்கையிலோ உழைத்தவர்கள். உலக அளவில் இத்துறையில் மதிக்கப்படும் சான்று 'சீசா', அதாவது தகவல் அமைப்புத் தணிக்கையாளர் சான்று. ஐசாகா என்ற அமைப்பு 1978 முதல் இதை நடத்துகிறது. தேர்வை யாரும் எழுதலாம். சான்று கையில் வர 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பட்டம் போன்ற காரணங்களுக்காக அதில் 3 ஆண்டுவரை தள்ளுபடி உண்டு. அனுபவமே இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளையை 'கவர்னன்ஸ் மேனேஜர்' ஆக்குகிறேன் என்று ஒரு நோட்டீஸ் சொன்னால், அந்த வரியிலேயே விளம்பரத்தின் தரம் தெரிந்துவிடுகிறது. பிசிஏ, பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.காம்., பி.இ. என ஏதோ ஒரு திடமான பட்டம் முதலில். தருமபுரி அரசு கலைக் கல்லூரி, செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி, மேற்படிப்புக்குப் பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக மையம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மேலாண்மைச் சிறப்புப் பாடம் பிறகு வரட்டும். இது என் கருத்து. கீழே வருவது சட்டம்.

இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம், 22ஆம் பிரிவில் சொல்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சென்டர் பட்டம் தர முடியாது. 'அகாடமி' தர முடியாது. யாருடைய பட்டம் என்று கேட்டால் ஏஜென்ட் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். சொன்ன பெயரை யுஜிசி இணையதளத்தில் இரண்டு பட்டியல்களில் தேடுங்கள்: பல்கலைக்கழகப் பட்டியல், போலிப் பட்டியல். இரண்டாவதில் புதுச்சேரியின் ஒரு 'உயர்கல்வி அகாடமி' முதல் பெலகாவி மாவட்டம் கோகாக்கின் 'உலகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்' வரை நமக்குப் பக்கத்துப் பெயர்களும் இடம்பெற்றது உண்டு. பெயரில் 'வேர்ல்ட்', 'ஓப்பன்', 'இன்டர்நேஷனல்' என்று எத்தனை அலங்காரம் இருந்தாலும் சட்டத்தின் முன் அவை வெறும் எழுத்து.

அடுத்தது, அந்தப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை, இந்த ஆண்டில், இந்த வழியில் நடத்தலாமா என்பது. தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு 2020ஆம் ஆண்டு விதிகளின்படி யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தனி அனுமதி தர வேண்டும். அனுமதி படிப்புவாரியாக, காலவரம்போடு வருகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பழமையும் பெயரும் யாருக்குத் தெரியாது? இருந்தும், அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பே விட்டது. நம் வட்டாரத்தின் பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகள் குறித்தும் யுஜிசி எச்சரித்தது உண்டு. ஒரு நிறுவனத்துக்கு நின்ற அனுமதி மறுபடி கிடைக்கலாம், கிடைத்தது மறுபடி நிற்கலாம். அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பது இந்த வருடத்துக்கு ஆதாரமாகாது. நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலைப் பாருங்கள்.

2024 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இதற்கு எளிதான ஒரு வழி வந்திருக்கிறது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர்கிற மாணவர் யுஜிசி தளத்தில் தானே 'டெப் ஐடி' எடுத்தாக வேண்டும். அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு மையம் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். ஃபிரான்சைஸ் முறையில் படிப்பு நடத்தவும் யுஜிசி அனுமதிப்பதில்லை. வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டி அரூரிலோ பாலக்கோட்டிலோ தொலைநிலை மையம் திறக்க முடியாது. 'ஒரே வருடத்தில் டிகிரி', 'சிங்கிள் சிட்டிங்', 'பழைய தேதி போட்டுத் தருகிறோம்' என்பவை பேச்சுக்கே இடமில்லாத மோசடி. அதில் சேர்ந்தவரும் பின்னால் விசாரணையில் சிக்குவார். முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலை, ஆன்லைன் பட்டமோ நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆக, அஞ்சல்வழி என்றாலே மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

ஏஐசிடிஇ விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. எம்பிஏ, எம்சிஏ நடத்தும் கல்லூரிகளை அதன் பட்டியலில் தேடலாம். 2024-25 முதல் பிசிஏ, பிபிஏ கல்லூரிகளும் அதன் கீழ் வந்துவிட்டன. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில் நடத்தும் படிப்புக்கு ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை என்று 2001இல் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியலில் பெயர் இல்லாததாலேயே எல்லாம் போலி ஆகிவிடாது.

அரசு வேலைக் கனவு உள்ள வீடுகள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி 'கணினி அறிவியல் பட்டம்' என்று அறிவிப்பில் கேட்டிருந்தால், உங்கள் சான்றிதழில் 'தகவல் தொழில்நுட்ப மேலாண்மை' என்று இருப்பது தானாகப் பொருந்தாது. இணையான பட்டம் என்று தமிழக உயர்கல்வித் துறையின் அரசாணை இருந்தால்தான் ஏற்பார்கள். பட்டம் செல்லும், பல்கலைக்கழகம் செல்லும், ஆனால் அந்த வேலைக்கு மட்டும் செல்லாது. சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இதைக் கேட்டு உடைந்துபோனவர்கள் எத்தனையோ பேர். புதுமையான பெயர் கொண்ட படிப்புகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம். சேருவதற்கு முன்பே, 'இணைத்தன்மை அரசாணை எண் என்ன?' என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு ஆகாது என்பதும் 2009ஆம் ஆண்டின் அரசாணை 107 முதல் நிலைத்துவிட்ட விதி.

இன்னொரு இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்தால் அது கிடைக்காது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுவதையும் திருப்ப வேண்டும் என்பது 2018இன் யுஜிசி விதி. அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி கடந்து 30 நாளைத் தாண்டினால் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாக அறிவிக்கிறது. 2024-25க்கு, செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம். டிசியையும் மார்க் ஷீட்டையும் பிணையாக வைத்துக்கொண்டு 'மூணு வருஷக் கட்டணத்தையும் கட்டு' என்று மிரட்ட எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது.

புகாரை முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரலில் வந்த யுஜிசி விதிப்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. தவறான விளம்பரம், கட்டணம் திருப்பாமை, சான்றிதழைப் பிடித்து வைத்தல் மூன்றும் இந்த விதிக்குள் வருகின்றன. யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் பதிவு செய்யலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பது எதிராளி யார் என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் மீதான வழக்குகள் அங்கே நிற்பது கடினம். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரா என்றது. அதன் மீதான மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே தீர்ப்பு, கோச்சிங் சென்டர்களுக்கு இந்த விலக்கு இல்லை என்றும் சொன்னது. '100 சதவீதம் வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் கோச்சிங் நிலையங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆகவே பட்டம் தராத தனியார் பயிற்சி மையம்தான் ஏமாற்றியது என்றால், தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழிகேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

அனுமதியே இல்லாமல் பட்டம் தருவதாகப் பணம் வாங்கியது மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போன பணத்துக்கு ரசீது இல்லையென்றால் வழக்கு அங்கேயே இளைத்துவிடும். எனவே பணம் கல்லூரியின் கணக்குக்கே போகட்டும். நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

சந்தேகம் இருக்கும்போதே தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில், சம்பந்தப்பட்ட அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடலாம்: இந்த முகவரியில் உள்ள மையம் உங்களுடையதா, இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி உண்டா? 30 நாளில் பதில் வர வேண்டும். சேர்க்கை முடிந்துவிடுமே என்று அவசரப்படுத்துபவரிடம் அதே கேள்வியைப் போட்டு, லெட்டர்ஹெட்டில் பதில் வாங்குங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு, தொலைபேசி 15100.