இணையதளத்தின் கோலம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவோர் பெரும்பாலும் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் செல்வர். குப்பனூர் வழியாகவும் ஒரு மலைப்பாதை உண்டு. மலை ஒன்றே, அது காட்டும் முகமோ பாதைக்குப் பாதை வேறுபடும். இணையதளத்திலும் செய்தி ஒன்றாயிருக்க, அதன் தோற்றம் பலவாகலாம்.

இணையத்தின் தொடக்க நாளில் செய்தியும் தோற்றமும் ஒரே கோப்பில் பின்னிக் கிடந்தன. ஒரு நிறத்தை மாற்ற வேண்டின் பக்கந்தோறும் திருத்த வேண்டும். தோற்ற விதிகளைத் தனியே எழுதும் முறையை 1994-இல் ஹோகோன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டு அறிஞர் முன்மொழிந்தார். அது 1996-இல் சி.எஸ்.எஸ். என்னும் பெயருடன் தரமாக ஏற்கப்பட்டது. 2003-இல் வெளிவந்த வேர்டுபிரஸ் என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள், 2005-இல் ‘தீம்’ என்னும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி கட்டுரைகள் தரவுத்தளத்தில் இருக்கும். அவற்றைக் காட்டும் முறை தனிக் கோப்புத் தொகுதியில் இருக்கும். தொகுதியை மாற்றினால், கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாமல் தளம் முழுதும் புதுக்கோலம் பூணும். (தீம் என்னும் சொல் வேற்றுமை உருபேற்றால் ‘தீமை’ என்றாகிவிடும்! ஆதலின் இங்குக் கோலம் என்றே வழங்குவோம்.)

குப்பனூர் மாணவர் சிலர் தம் ஊரைப் பற்றி ஒரு தளம் அமைப்பதாகக் கொள்வோம். பிறர் ஆக்கிய கோலம் ஒன்றை எடுத்து, அதன் கோப்புகளிலேயே நிறத்தையும் எழுத்தளவையும் திருத்துகின்றனர். சில திங்கள் கழித்து அக்கோலத்தின் புதிய பதிப்பு வருகிறது. அதை ஏற்றவுடன் திருத்தங்கள் யாவும் அழிந்துபோகின்றன. இதனைத் தவிர்க்கவே சேய்க் கோலம் என்னும் முறை உள்ளது. தாய்க் கோலத்தைத் தொடாமல், வேண்டிய மாற்றங்களை மட்டும் வேறொரு தொகுதியில் எழுதி, அதன் சி.எஸ்.எஸ். கோப்பின் தலைப்பகுதியில் தாயின் பெயரைக் குறித்துவிட்டால் போதும்.

இனி, தமிழுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. கோலங்களுள் மிகப் பல ஆங்கில எழுத்தை எண்ணி ஆக்கப்பட்டவை. அவற்றின் எழுத்துருவில் தமிழ் இல்லையெனில், கணினி தன்னிடமுள்ள வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பும். ஆதலால் ஒரே தலைப்பு கருவிக்குக் கருவி வேறு வடிவாய்த் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்ற எழுத்துருக்களை யாவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். கட்டுமரம் என்னும் நம் சொல்லே ஆங்கிலம் சென்று கேட்டமரானாகத் திரும்பியுள்ளது.

வரி இடைவெளியும் கருதத்தக்கது. ‘கீ’ என்பதில் சுழி மேலே எழும். ‘மூ’ என்பதில் கோடு கீழே இறங்கும். தலைப்புக்கு ஒதுக்கிய கட்டம் குறுகியதாயின் புள்ளி மறைந்து ‘கல்’ என்பது ‘கல’ எனப் படிக்கப்படும். நம் சொற்கள் நீண்டவை. ‘சேர்வராயன்மலைத்தொடரிலுள்ள’ என்னும் தொடர் கைப்பேசித் திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடும். இருபுறமும் சமனாக்கின் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துதலே நன்று.

நிறத்தைத் தேர்தலில் அழகினும் தெளிவே முதன்மை பெறும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்பது உலக வழக்கு. ஏற்காட்டு மூடுபனியின் படத்தை முகப்பில் வைத்து, அதன்மேல் ஊர்ப்பெயரை வெண்ணிறத்தில் பொறித்தால், பெயரும் பனியோடு கரைந்துவிடும்.