மலையேறுகிறவருக்கும் நடை வேண்டுமா?

புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவிடம் போய், "தினமும் அரை மணித்தியாலம் நடங்க" என்று சொன்னால் சிரிப்பார். காலையில் பிரட்டு (வேலைக்கான பேர்ப்பதிவு) கலைந்ததும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறுகிறவருக்கு இன்னும் என்ன நடை? அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது.

உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்பதை மருத்துவ உலகம் கண்டுகொண்டதே வேலைத்தலத்தில்தான். லண்டனின் இரட்டைத் தட்டு பஸ் ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மொரிஸ், 1953இல் தம் முடிவை வெளியிட்டார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துனர்களைவிட, ஆசனத்தில் உட்கார்ந்தே இருந்த சாரதிகளுக்கு மாரடைப்பு அதிகம்.

மீதிப் பாதி சங்கடமானது. டென்மார்க்கின் அன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள், ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் நன்மையைக் கடும் கூலி உழைப்பு அப்படியே தருவதில்லை என்கிறார்கள். பயிற்சியில் இதயம் சற்று நேரம் வேகமெடுத்து, பிறகு ஓய்வெடுக்கும். சுமையோடு மணிக்கணக்கில் உழைக்கும்போது துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தே நிற்கின்றன. ஆறுவதற்கு இடைவெளி இல்லை. கூடை இழுக்கும் கழுத்துக்கும், குனிந்தே கிடக்கும் முதுகுக்கும் அது பயிற்சி அல்ல, தேய்மானம். அவருக்கு வேண்டியது இன்னொரு நடை அல்ல; இடுப்பை நிமிர்த்தித் தோளைத் தளர்த்தும் பத்து நிமிடமும் நல்ல தூக்கமும். அதற்கு நேரம் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டால், பதில் வைத்தியரிடம் இல்லை, சம்பளக் கணக்கில் இருக்கிறது.

நடக்கவேண்டியவர்கள் அவருடைய பிள்ளைகள். ஆட்டோ ஓட்டுகிறார்கள், கொழும்புக் கடைகளில் கல்லாவில் இருக்கிறார்கள். மலை போய்விட்டது, தட்டில் சோறும் கோதுமை ரொட்டியும் மட்டும் அளவு குறையாமல் இருக்கின்றன. சீனி வருத்தம் நுழைவது இந்த இடைவெளியில்தான். தசை சுருங்கும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட, இரத்தத்திலுள்ள சீனியைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடந்தாலே அளவு இறங்குகிறது.

உலக சுகாதார அமைப்பு 2020இல் வகுத்த கணக்கு, வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அந்த வேகம் போதும். புசல்லாவை ஏற்றத்தில் அதற்கு ஓடவே தேவையில்லை. ஆனால் கம்பளை–நுவரெலியா வீதியோரம் வேண்டாம்; வளைவுகளில் பஸ்காரர் நம்மைக் காணும்போது நாமும் அவரை அப்போதுதான் காண்போம். தோட்டத்துப் பாதையே நல்லது.

வேலையிலிருந்து நின்ற பாட்டிமாரையும் மறக்கக்கூடாது. முப்பது வருடம் மலையேறிய கால்கள் லயத்துத் திண்ணையில் ஒரேயடியாக ஓயும்போது தசை விரைவில் கரையும், விழுகைகள் தொடங்கும். மழையும் அட்டையும் வெளியே போகவிடாத நாளில், கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்கார்ந்தாலும் தொடைக்கு அது வேலைதான்.